முகமில்லாத இளவரசன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு கட்டுரையில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லியிருந்த ‘இளவரசர் அகமதின் சாகசங்கள்’ படத்தைப் போன வாரம் என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். 1926இல் ஜெர்மனியில் வந்த ஊமைப்படம், ஆயிரத்தொரு இரவுகளின் கதைகளை வைத்து நிழலுருவங்களால் செய்தது. அவளுக்கு ஒன்பது வயது. பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன், கடைசிவரை இருந்தாள். ஆனால் கேள்விகள்! யாருக்குமே ஏன் முகம் இல்லை, வரையத் தெரியாதா என்றாள். குளிக்கிற பெண்ணின் இறகு ஆடையை நல்லவன் ஏன் திருடுகிறான் என்றாள். இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை.

என் சந்தேகம் வேறு. சிறுவயதில் நான் படித்த அகமது – பரிபானு கதையில் மூன்று சகோதரர்கள், பறக்கும் கம்பளம் எல்லாம் உண்டு. படத்தில் அவை காணோம். நடுவில் அலாவுதீன் வந்து நிற்கிறான். என்னோடு வேலை பார்க்கும் நண்பரிடம் சொன்னேன். “அலாவுதீனே அரபு மூலத்தில் கிடையாது, ஒரு பிரெஞ்சுக்காரர் கட்டிவிட்ட கதை” என்றார். அப்படியானால் இந்தப் படம் போலிக்குப் போலி அல்லவா? நான் ஆறாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டலாம் என்று இருந்தேன், இப்போது தயக்கமாக இருக்கிறது.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு ஆதங்கம் உண்டு. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் பிரெஞ்சுக்காரர் அந்துவான் கலான். அவருடைய ‘ஆயிரத்தொரு இரவுகள்’ 1704 தொடங்கி 1717 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. கடைசித் தொகுதிகள் அச்சாகும்போது அவர் உயிரோடு இல்லை. அவர் கையில் இருந்த அரபுச் சுவடி சிரியாவிலிருந்து வந்தது. மூன்று பாகம். இன்றும் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் 282 இரவுகள்தான் உண்டு, அப்புறம் கதை அந்தரத்தில் நின்றுவிடும். அலாவுதீன், அலிபாபா, நீங்கள் படித்த அகமது – மூவருமே அந்தச் சுவடியில் இல்லை. இதுவரை உங்கள் நண்பர் சொன்னது உண்மை.

கதை தீர்ந்துபோன கலான் 1709இல் பாரிஸில் ஓர் இளைஞரைச் சந்திக்கிறார். பெயர் ஹன்னா தியாப். அலெப்போ நகரத்து மரோனைட் பிரிவுக் கிறிஸ்தவர், இருபது வயதை ஒட்டியவர். பால் லூக்கா என்ற பிரெஞ்சுப் பயணியோடு கடல் கடந்து வந்திருந்தார். இந்த இளைஞர் கலானுக்குப் பத்துக்கும் மேற்பட்ட கதைகளைச் சொல்கிறார். கலான் அவற்றில் பலவற்றின் சாரத்தைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்து, பிறகு தன் பாணியில் விரித்து எழுதுகிறார். அலாவுதீன் இவரிடமிருந்து வந்தவன். அலிபாபாவும், அகமதும் பரிபானுவும் அப்படி வந்தவர்கள்தான்.

நாட்குறிப்பில் ஹன்னாவின் பெயர் இருக்கிறது. அச்சிட்ட தொகுதிகளில் இல்லை.

ஹன்னா ஊர் திரும்பித் துணி வியாபாரம் செய்தார். முதுமையில் தன் பயண அனுபவங்களை அரபியில் எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. அதை எழுதியவர் அலாவுதீனைச் சொன்ன அதே ஆள் என்பது 1990களில்தான் தெரிய வந்தது. பிரெஞ்சு மன்னரின் வெர்சாய் அரண்மனைக்குள் போய்வந்ததை அதில் விரிவாக எழுதியிருக்கிறார். அலாவுதீனின் மாளிகையில் வெர்சாயின் சாயல் இருக்குமோ என்று ஆய்வாளர்கள் யோசிக்கிறார்கள். கதை சொன்ன விஷயமோ சில வரிகளில் முடிந்துவிடுகிறது: ஒரு முதியவர் அரபுக் கதைகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார், அவருக்குச் சில கதைகள் குறைந்தன, தெரிந்ததைச் சொன்னேன் என்பதுபோல. உலகத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கதையைச் சொன்ன மனிதர் அதை அவ்வளவு சாதாரணமாகக் கடந்துபோகிறார். படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

இப்போது “பிரெஞ்சுக்காரர் கட்டிவிட்டது” என்று நாம் சொன்னால், அந்த அலெப்போக்காரரின் பெயரை இரண்டாம் தடவையும் அழிக்கிறோம். இதுதான் என் ஆதங்கம். அலாவுதீன் பழைய சுவடியில் இல்லை என்பது வேறு, போலி என்பது வேறு. சிரியாவில் பிறந்து வளர்ந்த ஒருவர் தன் வாயால் சொன்ன கதை அது. ஆயிரத்தொரு இரவுகளின் மற்றக் கதைகளும் யாரோ ஒருவர் வாயிலிருந்துதான் ஏட்டுக்குப் போயிருக்கும். அவர்கள் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, இவர் பெயர் கிடைத்திருக்கிறது.

சரி, படத்துக்கு வருகிறேன்.

படத்தை இயக்கிய லோட்டே ரைனிகர் 1899இல் பெர்லினில் பிறந்தவர். பொட்ஸ்டாமில் லூயி ஹாகன் என்ற வங்கியாளர், பணவீக்கத்தில் காசு கரைந்துகொண்டிருந்த காலத்தில், தன் பணத்தைப் படச்சுருளாக வாங்கிவைத்திருந்தார். அதைக் கொடுத்து முழுநீளப் படம் ஒன்று செய்யுங்களேன் என்று கேட்டார். அவர் வீட்டுக் கார் கொட்டகையின் மேலே இருந்த பரணில் 1923இல் வேலை தொடங்கியது. ரைனிகருக்கு அப்போது 24 வயது. கண்ணாடி மேசை, கீழே விளக்கு, மேலே கேமரா. கேமராவைக் கணவர் கார்ல் கோஹ் கவனித்துக்கொண்டார். கண்ணாடிமேல் கருப்பு அட்டையும் மெல்லிய ஈயத்தகடும் வெட்டிச் செய்த பாவைகள், மூட்டுக்கு மூட்டு கம்பியால் பிணைத்தவை. ஒரு மயிரிழை நகர்த்து, ஒரு படம் எடு. மறுபடி நகர்த்து. மூன்று வருடம் இப்படி. ஏறத்தாழ 2,50,000 படங்கள் எடுத்து, அதில் 96,000 போலப் பயன்படுத்தினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மாயாஜாலப் பின்னணிகளில் வால்டர் ருட்மானின் கை உண்டு, கடல் அலைகளில் பெர்தோல்ட் பார்தோஷின் கை உண்டு.

(முதல் முழுநீள அனிமேஷன் படம் டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் என்று பலர் எழுதுகிறார்கள். அது 1937. அர்ஜென்டினாவில் குவிரினோ கிறிஸ்தியானி 1917லேயே ஒன்று செய்தார், அது நெருப்பில் அழிந்தது. இன்று நம் கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய முழுநீள அனிமேஷன் ரைனிகருடையதுதான்.)

மூன்று சகோதரர்களும் கம்பளமும் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கதையிலிருந்து அவர் பெயர்களைத் தவிர அதிகம் எடுக்கவில்லை. மந்திரவாதி கொண்டுவரும் பறக்கும் குதிரை வேறொரு கதை, கருங்காலிக் குதிரையின் கதை. ஏறத்தெரிந்து இறங்கத்தெரியாமல் அகமது வானத்தில் தவிப்பது அதிலிருந்து வருகிறது. பஞ்சதந்திரத்தில் தச்சன் செய்துகொடுத்த மரக் கருடனில் ஏறி இளவரசியைப் பார்க்கப் போகும் நெசவாளியை உங்களுக்கு நினைவிருக்கும். இந்தக் குதிரை பறக்கும்போது எனக்கு அவன்தான் ஞாபகத்துக்கு வருவான். பரிபானு வாழும் வாக்-வாக் தீவும் அவளுடைய இறகு ஆடையும் பாஸ்ரா நகரத்து ஹசனின் கதையில் இருப்பவை.

அப்புறம் அந்த மந்திரச் சண்டை. மந்திரவாதியும் எரிமலைச் சூனியக்காரியும் சிங்கமாக, பாம்பாக, தேளாக, சேவலாக, மீனாக மாறி மாறி மோதி, கடைசியில் நெருப்பை வீசிக்கொள்கிறார்களே, அது கலானின் பழைய சிரியச் சுவடியிலேயே இருப்பது. இரண்டாவது துறவியின் கதை. அங்கே சண்டையிடுபவள் ஓர் இளவரசி. குரங்காக மாற்றப்பட்ட ஒருவனை மீட்பதற்காகப் பூதத்தோடு மோதுகிறாள். ஜெயிக்கவும் ஜெயிக்கிறாள். ஆனால் அந்த நெருப்பு அவளையும் பிடித்துக்கொள்கிறது, தகப்பன் கண்முன் சாம்பலாகிறாள். ஆயிரத்தொரு இரவுகளில் என்னால் மறக்கவே முடியாத சாவு அது.

ரைனிகர் அந்தச் சண்டையை எடுத்து, குண்டான, பல் நீட்டிக்கொண்டிருக்கிற, பார்த்தால் பயந்து ஓடத்தோன்றும் ஒரு கிழவியிடம் கொடுத்தார். அவளைச் சாகவிடவில்லை. மந்திரவாதியை முடித்துவிட்டு அவள் நிற்கிறாள். படத்தில் காரியம் சாதிப்பவள் அவள்தான், அகமது பல இடங்களில் கைகட்டி நிற்கிறான். மூலத்துக்கு விரோதம் என்று இதைச் சொல்லலாம். எனக்கு அந்த இளவரசிக்கு ஒரு பதில் கிடைத்ததுபோல இருந்தது. கதையைக் கேட்டு, மனதில் வைத்திருந்து, தன் முறை வந்தபோது தன் மனசுப்படி சொல்லியிருக்கிறார். ஹன்னாவும் கலானிடம் அதைத்தான் செய்தார்.

உங்கள் மகளின் முதல் கேள்விக்கு வருவோம். ரைனிகருக்கு முகம் செய்யத் தெரியாமல் இல்லை. பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது கருப்பு அட்டைக்குக் கண்ணும் கிடையாது, வாயும் கிடையாது. ஓரத்துக் கோடு மட்டும்தான் மிச்சம். ஆகவே துக்கம், ஆசை, பயம் எல்லாம் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் விரலுக்கும் போய்ச்சேர வேண்டியிருக்கிறது. அடுத்த முறை பார்க்கும்போது மகளிடம் கைகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மந்திரவாதியின் விரல்கள் நீண்டு, கொக்கிபோல வளைந்திருக்கும். அவன் இன்னும் ஒன்றுமே செய்யாதபோது அந்த விரல் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். பரிபானு நாணும்போது கழுத்து எவ்வளவு சிறிதாகத் தாழ்கிறது என்று பாருங்கள். நம் தோற்பாவைக்கூத்தில் தோலை ஒளி ஊடுருவும், நிறம் தெரியும், கண் பெரிதாக விழிக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கருப்பு முதலில் இறுக்கமாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் முகத்தை நாமே போட்டுக்கொள்ளத் தொடங்கிவிடுவோம். உங்கள் மகள் கடைசிவரை எழுந்துபோகாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு அவளிடம், “நீ கேட்டது சரிதான், அவன் செய்தது தப்பு” என்று சொல்லிவிடுங்கள். நான் அந்த இடத்துக்குச் சமாதானம் தேடப்போவதில்லை. பரிபானு முதலில் மறுக்கிறாள், பிறகு மனம் மாறுகிறாள், படம் அதை அவசரமாகக் கடந்துபோகிறது. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் இதேபோல ஒரு துறையைப் பாடும்போது, பேச்சை முழுக்க ஆடை பறிகொடுத்த பெண்களிடம் கொடுத்துவிடுகிறாள். கெஞ்சுகிறார்கள், கோபப்படுகிறார்கள், கண்ணன் செய்வது என்ன நியாயம் என்று கேட்கிறார்கள். ரைனிகரின் பரிபானுவுக்கு அந்தப் பேச்சு கிடைக்கவில்லை. மந்திரவாதியை ‘ஆப்பிரிக்கன்’ என்று சொல்லி, அந்த உருவத்தையே பயமுறுத்தும்படி வெட்டியிருப்பதும், சீனத்துப் பேரரசரைக் கேலிச்சித்திரம்போலச் செய்திருப்பதும் அப்படித்தான், அந்தக் காலத்து ஐரோப்பியப் பார்வை. அதையும் வகுப்பில் பேசுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இதை நன்றாகவே பேசுவார்கள்.

ஆம், போட்டுக்காட்டுங்கள். பிரதி மட்டும் பார்த்து எடுங்கள். மூல நெகடிவ் 1945இல் பெர்லினில் அழிந்துபோனது. பிரிட்டனில் தப்பியிருந்த பிரதியிலிருந்துதான் படம் மறுபடி கிடைத்தது. அதைக் கொண்டு 1999இல் ஜெர்மனியில் பழைய வண்ணச் சாயங்களோடு மீட்டெடுத்தார்கள். அந்த ஆரஞ்சும் நீலமும் பச்சையும் இல்லாத வெறும் கருப்பு வெள்ளைப் பிரதி வேண்டாம். இந்தப் படத்துக்கென்றே வொல்ஃப்காங் செல்லர் எழுதிய இசை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 65 நிமிடப் படம், ஐந்து அங்கமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே மூச்சில் காட்டாமல் நாளுக்கு ஓர் அங்கமாகக் காட்டலாம், ஒரு வாரப் பாடவேளைக்குச் சரியாக இருக்கும்.

அலாவுதீன் வந்து தன் கதையைச் சொல்லும் இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். கரும்பலகையில் ஹன்னா தியாப் என்று எழுதி, பக்கத்தில் அலெப்போ, 1709 என்றும் எழுதுங்கள். யார் அது என்று யாராவது கேட்பார்கள். அப்போது சொல்லிக்கொள்ளலாம். பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். மகள் வேறு ஏதாவது கேட்டால் அதையும்.

அன்புடன்.