பெரிய வீட்டுத் துப்பாக்கி

அய்யா, ப்ளஸ் டூ முடிச்ச என் பையன் 3டி பிரிண்டர் கேக்குறான், கம்ப்யூட்டர்ல வரையறத பிளாஸ்டிக் பொருளாவே செஞ்சு தர்ற மெஷினாம். அதுலயே துப்பாக்கி செஞ்சிடலாம்னு ஒரு வீடியோ பாத்ததுலேர்ந்து பயமா இருக்கு, வாங்கிக் குடுக்கலாமா? நம்ம டெல்டாவுல அருவா சண்டை உண்டு, துப்பாக்கிக் கலாச்சாரம் என்னைக்குமே இருந்ததில்ல. அது இங்கயும் வந்துடக் கூடாதேன்னுதான் கேக்குறேன்.
– ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

புள்ளைய நெனச்சு ராத்திரி தூங்காம எழுதியிருக்கீங்கன்னு தெரியுது. வாங்கிக் குடுங்க, பக்கத்துல உக்காந்து என்ன செய்யறான்னு பாருங்க. பயம் வீண் பயம்னு சொல்ல மாட்டேன், 2013ல டெக்சாஸ்காரர் ஒருத்தர் பிளாஸ்டிக் துப்பாக்கி டிசைன நெட்ல போட்டு, அமெரிக்க அரசாங்கம் எடுக்கச் சொல்றதுக்குள்ள ஒரு லட்சம் டவுன்லோடு ஆயிடுச்சு. ஜப்பான்ல அவ்வளவு கெடுபிடி, அங்கயே 2022 ஜூலைல முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேய ஒருத்தன் கையால செஞ்ச துப்பாக்கிலதான் சுட்டான். சுட்டவனோட அம்மா சொத்தையெல்லாம் ஒரு மத அமைப்புக்குக் குடுத்து குடும்பம் நொடிஞ்ச கதை வெளிய வந்ததும் ஜனங்க ஜெயிலுக்குப் பணமும் துணியும் அனுப்புனாங்க. யாரு சுட்டா, ஏன் சுட்டான்னு பாத்துதான் அது கொலையா நியாயமான்னு முடிவு பண்றாங்க, எனக்கு அதான் கவலை.

ஆனா "என்னைக்குமே இருந்ததில்ல"ன்னு எழுதினீங்க பாருங்க, எப்படிங்க மனசு வந்துச்சு? எங்க ஊர் பண்ணை வீட்டுத் திண்ணைல அறுவடை சமயத்துல காரியக்காரர் ரெட்டைக்குழல் துப்பாக்கிய மடக்கி வச்சுக்கிட்டு, கம்பில துணியச் சுத்தி எண்ணெய் தொட்டு உள்ள விட்டு விட்டு இழுப்பாரு, பக்கத்துல செவப்பா ரெண்டு தோட்டா கெடக்கும், மடையான் கொக்கு சுடன்னு சொல்லுவாங்க. எதிர்ல களத்துல கூலி நெல்லு அளப்பாங்க. மரக்கால்ல தலை தட்டி கொறைச்சு அளந்தாலும் எங்கம்மா முந்தானைய விரிச்சு வாங்கிக்கிட்டு பேசாம வந்துடும். அது வெடிச்சு நான் பாத்ததே இல்ல. எலெக்ஷன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைப்பாங்க, முடிஞ்சதும் திரும்பி வந்துடும்.

கையால செய்யறதும் ஒண்ணும் புதுசில்ல. குருவி சுடுற நரிக்குறவர் கையில லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி இருந்தா ஆயுதச் சட்டம் பாயும், பேப்பர்ல போட்டோ வரும், நாமளும் ஐயோ துப்பாக்கியான்னு பதறுவோம். பெரிய வீட்டுச் செவுத்துல மாட்டியிருந்தா கௌரவம்னு எட்டிப் பாத்துட்டு வருவோம், அதயும் கணக்குல சேருங்க.

கீழ்வெண்மணி உங்க ஊர்லேர்ந்து எவ்வளவு தூரம்? 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி கூடக் கேட்ட குத்தத்துக்கு, நெலச்சுவான்தாருங்க ஆளுங்களோட துப்பாக்கியோட வந்து சேரிய சுத்தி வளைச்சு சுட்டாங்க, ஓடி ஒளிஞ்ச பொம்பளைங்க புள்ளைங்களோட குடிசையக் கொளுத்தி 44 உசுரு போச்சு. நெலச்சுவான்தாருங்க அப்படி நேர்ல நடந்து வந்திருப்பாங்கன்னு நம்ப முடியலன்னு ஹைகோர்ட் விடுதலை பண்ணிச்சு. தீ மட்டும் ஞாபகம் வச்சிருக்கோம், துப்பாக்கிய மறந்துட்டோம். நீங்க மறந்தா ஒங்க பையனுக்கு யாரு சொல்லுவா?

வர்ற டிசம்பர் 25 அவனக் கூட்டிக்கிட்டுப் போங்க. திருவாரூர் போயி கீழ்வேளூர் வழியா போகலாம். அன்னைக்கு நினைவு நாள், கூட்டம் நெறய இருக்கும், காலையிலயே கெளம்பிடுங்க.