வீட்டைப் பூட்டினால் ஊளையிடும் நாய்க்கு என்ன செய்வது?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் பிரௌனி நாட்டு நாய், 3 வயது. குட்டியாக வந்ததிலிருந்து நானும் கணவரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தோம். இப்போது இருவருக்கும் ஆபீஸ். கிளம்பியதும் ஊளையிடுகிறான், வாசல் கதவைப் பிராண்டுகிறான், ஹாலில் உச்சா போய் வைக்கிறான். அசோசியேஷனில் புகார். எங்களைப் பழிவாங்குகிறானா? பால்கனியில் கட்டிவிட்டுப் போகலாமா? துணைக்கு இன்னொரு நாய் வாங்கலாமா?"

பழிவாங்கல் என்கிற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நீங்கள் திரும்பி வந்ததும் காதை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி ஒரு பார்வை பார்ப்பான், நாமும் "செஞ்சது தப்புன்னு தெரியுது பார்" என்போம். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாய் தப்பு செய்ததா என்பதற்கும் அந்தப் பார்வைக்கும் சம்பந்தமே இல்லை, உரிமையாளர் திட்டினால் அது வந்தது. தொடக் கூடாது என்று சொல்லி வைத்த தின்பண்டத்தைத் தொடாமலேயே திட்டு வாங்கிய நாய்களும் அதே முகத்தைத்தான் காட்டின. ஆகவே வந்ததும் திட்டினால், ஏற்கெனவே நீங்கள் போவதற்குப் பயப்படுகிறவன் நீங்கள் வருவதற்கும் பயப்படத் தொடங்குவான்.

அடுத்தது வீடியோ. பழைய போன் ஒன்றை ஹாலில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வீடியோ இல்லாமல் வருகிறவர்களை நான் "எடுத்துக்கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவேன், ஏனென்றால் நாம் இல்லாதபோது நடப்பதை நாம் யூகிப்பது பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கிறது. பிரிவுப் பதற்றம் (வீட்டார் விட்டுப் போவதால் நாய்க்கு வரும் பயம்) என்றால் நீங்கள் போன சில நிமிடங்களிலேயே, பெரும்பாலும் முதல் அரை மணிக்குள், ஆரம்பித்துவிடும்: குறுக்கும் நெடுக்கும் நடை, மூச்சிரைப்பு, எச்சில் ஒழுகல், நீங்கள் போன வாசலையே பிராண்டுவது, வைத்த சாப்பாட்டைத் தொடாமல் இருப்பது. ஒரு தூக்கம் போட்டு எழுந்து நிதானமாகச் செருப்பைக் கடிக்கிறான் என்றால் அது போரடிப்பு. லிஃப்ட் சத்தத்துக்கும் கூரியர் பையனுக்கும் மட்டும் குரைத்தால் அது காவல் வேலை. நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் அடிக்கடி உச்சா போனால் சிறுநீர்ப் பரிசோதனை முதலில்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பிரிவுப் பதற்றமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் "கத்தட்டும், கத்திக் கத்திப் பழகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பயந்து நடுங்கும் நாய் அந்தப் பயத்திலேயே கிடந்து எதையும் கற்றுக்கொள்வதில்லை, அடுத்த நாள் இன்னும் சீக்கிரமாகப் பயப்படும்.

பழக்கும் முறை எளிது, செய்வதற்குத்தான் பொறுமை வேண்டும். பதற்றம் தொடங்கும் முன்பே நீங்கள் திரும்பி வந்துவிட வேண்டும், மொத்த விஷயமும் இதுதான். சாவி, ஹெல்மெட், லஞ்ச் பை இவற்றைப் பார்த்தாலே அவனுக்கு வயிற்றைக் கலக்கும், அதனால் சாவியை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து டிவி பாருங்கள், ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு காய் நறுக்குங்கள் (கணவர் சிரிப்பார், பரவாயில்லை). அதை அவன் கண்டுகொள்ளாத நிலை வந்ததும் வெளியே போய்க் கதவைச் சாத்தி, 5 விநாடியில் உள்ளே வாருங்கள். அப்புறம் 10, பிறகு 4, பிறகு 20, இப்படி மாற்றி மாற்றி. வீடியோவில் நடை ஆரம்பித்தால் நேரத்தைக் குறையுங்கள். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

இதில் சிரமமான பகுதி ஒன்று உண்டு. பழக்கும் காலத்தில் அவன் தாங்குகிற நேரத்துக்கு மேல் தனியாக விடக்கூடாது. காலையில் 10 விநாடி பயிற்சி, அப்புறம் 9 மணி நேரம் ஆபீஸ் என்றால் பயிற்சி வீண். இருவரும் ஆளுக்கொரு நாள் வீட்டிலிருந்து வேலை கேட்டுப் பாருங்கள், மாமியாரோ அம்மாவோ வந்து இருக்க முடியுமா பாருங்கள், பக்கத்து வீட்டில் நாய்ப் பிரியர் இருந்தால் பகலில் அங்கே விடுங்கள், இல்லாவிட்டால் பகல்நேரக் காப்பகம். அசோசியேஷனிடமும் வீடியோவைக் காட்டி, சிகிச்சை நடக்கிறது என்று சொல்லுங்கள், பல இடங்களில் அதற்கே கோபம் பாதி இறங்கிவிடும்.

பால்கனி வேண்டவே வேண்டாம். பதறும் நாயைக் கட்டினாலோ கூண்டில் அடைத்தாலோ நகம் பிய்கிற, பல் உடைகிற அளவுக்குப் போராடும், பால்கனியில் சங்கிலியோடு குதித்துவிடும் ஆபத்தும் உண்டு. வெயில் வேறு. இன்னொரு நாய் பெரும்பாலும் உதவாது, அவன் ஏங்குவது உங்களுக்காக. ஆசையிருந்தால் தெரிந்தவர் நாயை ஒரு நாள் துணைக்கு விட்டு வீடியோ பாருங்கள், பெரும்பாலும் பிரௌனி அதே வாசலில்தான் நிற்பான். காலை நடை நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது.

பதற்றம் கடுமையாக இருந்தால் மருந்துக்குத் தயங்காதீர்கள். ஃப்ளுவாக்ஸெடின், க்ளோமிப்ரமின் இரண்டும் இதற்காக நாய்களுக்குத் தரப்படுபவை. தூங்க வைப்பதற்காக அல்ல, பயத்தின் அளவைக் குறைத்துப் பயிற்சி ஏறுவதற்காக. முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம், நடுவில் நீங்களாக நிறுத்தக் கூடாது. வீட்டில் யாருக்கோ எழுதிய மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலை கூடவே கூடாது. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: உண்ணிக்கு நாம் சகஜமாகப் பயன்படுத்தும் அமிட்ராஸ் மருந்து இந்த இரண்டோடும் சேரக் கூடாது. கழுவும் திரவமோ கழுத்துப் பட்டையோ, சமீபத்தில் எது போட்டிருந்தாலும் பாட்டிலையே எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.