கீரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையா?

கேள்வி: எனக்கு 36 வயது, சைவம். ஆறு மாதத்துக்கு முன் ஹீமோகுளோபின் 10.1 இருந்தது. அன்றிலிருந்து முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட் ஜூஸ் என்று விடாமல் சாப்பிடுகிறேன். இப்போது பார்த்தால் 10.3 தான். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை மலச்சிக்கலால் நிறுத்திவிட்டேன். காலை டிபனோடு காபி, மதியம் சாப்பிட்டதும் டீ குடிப்பேன். எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் அந்தக் காபி, டீயின் நேரத்தை மாற்றுங்கள். அவற்றில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. குடலால் அதை உறிஞ்ச முடிவதில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்றே சொல்கிறது. காபியை விட வேண்டியதில்லை. காலையில் எழுந்ததும் குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து டிபன் சாப்பிடுங்கள். மதிய டீயை நாலு மணிக்குத் தள்ளுங்கள்.

அடுத்து, வைட்டமின் சி. தாவர உணவில் உள்ள இரும்பு சாதாரணமாகவே கொஞ்சம்தான் உடலில் சேரும். புளிப்பான பழம் ஒன்று கூட இருந்தால் அந்த அளவு கூடும். கீரைப் பொரியலை இறக்கி, சூடு தணிந்த பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் சூட்டில் வைட்டமின் சி குறைந்துவிடும். சாப்பாட்டோடு ஒரு பெரிய நெல்லிக்காயோ கொய்யாத்துண்டோ இருந்தாலும் சரி.

பீட்ரூட்டை நம்பி இருக்காதீர்கள். அதன் சிவப்புக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. 100 கிராமில் 1 மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29 மில்லிகிராம். நாலு பேரீச்சம்பழமும் இதில் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. பருப்பு, பயறுதான் கை கொடுக்கும். 2000 கலோரி உணவில் 85 கிராம் பருப்பு வகை இருக்க வேண்டும் என்கிறது அதே வழிகாட்டி. தண்ணீராக வைக்கும் சாம்பாரில் அதில் பாதிகூட வராது. ஊறவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல், முளைகட்டிய பச்சைப்பயறு என்று தனியாகச் சேருங்கள். ஊறி முளைக்கும்போது இரும்பைத் தடுக்கும் பைட்டேட் என்ற பொருளும் குறையும்.

ஆனால் 10.3 என்பது ரத்தசோகைதான். பெண்களுக்கு 12-க்குக் கீழே போகக் கூடாது. இதைச் சாப்பாட்டால் மட்டும் சரிசெய்வது கடினம், அதனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தியது எனக்குக் கவலையாக இருக்கிறது. மலச்சிக்கலை டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு வகை மாத்திரையோ, ஒரு நாள் விட்டு ஒரு நாளோ தர முடியும். பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், மாத்திரை சாப்பிடும்போது அப்படித்தான் இருக்கும். அப்புறம், மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்பதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். அதிகம் என்றால் அதற்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் கேளுங்கள். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்ட பிறகும், உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப, டாக்டர் சொல்லும்வரை இன்னும் சில மாதங்கள் மாத்திரை தொடர வேண்டியிருக்கும்.