ஓநாயை யார் கொன்றார்கள்?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஐந்து வயது. சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட், சிவப்புக் குல்லாச் சிறுமி என்று தினமும் ஒரு கதை கேட்காமல் தூங்க மாட்டாள். சொல்லும்போது எனக்கு உறுத்துகிறது. யாராவது வந்து காப்பாற்றும்வரை பெண் காத்திருக்க வேண்டும், மாற்றாந்தாய் என்றால் கொடுமைக்காரி. இதைத்தானே இந்தக் கதைகள் கற்றுத்தருகின்றன? சொல்வதை நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். உங்கள் உறுத்தல் நியாயமானதுதான். ஆனால் இந்தக் கதைகளின் நீதிகளை ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்.

சிவப்புக் குல்லாச் சிறுமியையே பாருங்கள். 1697-இல் பிரான்சில் சார்ல் பெரோ என்ற எழுத்தாளர் அச்சிட்ட கதையில் காப்பாற்ற யாரும் வருவதில்லை. ஓநாய் பாட்டியைத் தின்கிறது, பேத்தியையும் தின்கிறது, அவ்வளவுதான். கடைசியில் நீதியாக ஒரு சிறு பாட்டு: இளம்பெண்கள் கண்டவர் பேச்சையும் கேட்கக் கூடாது; சாதுவாக, இனிக்க இனிக்கப் பேசிப் பின்னாலேயே வரும் ஓநாய்கள்தான் மிகவும் ஆபத்தானவை. இந்த எச்சரிக்கை யாருக்கு என்று உங்களுக்கே புரியும்.

1812-இல் ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட தொகுப்பில் வேட்டைக்காரர் வருகிறார். கத்தரிக்கோலால் ஓநாயின் வயிற்றை வெட்டி இருவரையும் வெளியே எடுக்கிறார். அம்மா வேண்டாம் என்று சொல்லியிருக்கும்போது இனி ஒருபோதும் காட்டில் வழியை விட்டு விலக மாட்டேன் என்று சிறுமி தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். ஆண்களிடம் எச்சரிக்கையாக இரு என்ற கதை, பெரியவர் சொல்லைத் தட்டாதே என்ற கதையாகிவிட்டது.

இதே கதையின் கிராமத்து வாய்மொழி வடிவம் ஒன்றை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் கேட்டு எழுதிவைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதில் சிவப்புக் குல்லா கிடையாது. ஓநாயோடு படுக்கையில் மாட்டிக்கொண்ட பெண், அவசரமாக வெளியே போக வேண்டும் என்கிறாள். படுக்கையிலேயே போ என்கிறது ஓநாய். முடியாது என்கிறாள். சரி என்று காலில் ஒரு கயிற்றைக் கட்டி அனுப்புகிறது. அவள் வெளியே வந்ததும் கயிற்றை அவிழ்த்து முற்றத்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு ஓடிவிடுகிறாள். ஐந்து வயதுக் குழந்தை இதைக் கேட்டு எப்படிச் சிரிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

மாற்றாந்தாய் விஷயமும் இப்படித்தான். கிரிம் சகோதரர்களின் முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். பெற்றவளைக் கெட்டவளாகக் காட்ட மனம் வரவில்லை என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பழி மட்டும் இடம் மாறியது.

என்னைக் கேட்டால், நீங்கள் சொன்ன இரண்டையும்விடக் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. நல்லவள் என்றால் அழகி, கெட்டவள் என்றால் அவலட்சணம் என்று இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. யாரும் அதை நீதி என்று சொல்லித்தருவதில்லை, அதனாலேயே குழந்தை மனதில் ஆழமாகப் பதிகிறது. சொல்லும்போது அந்த வர்ணனைகளைத் தாராளமாக விட்டுவிடுங்கள். கதைக்கு ஒரு குறையும் வராது.

ஓநாயை விடாதீர்கள். பயத்தை எடுத்துவிட்டால் தப்பிப்பதில் என்ன இருக்கிறது? கிரிம் கதையிலேயே அதிகம் யாரும் சொல்லாத ஒரு பின்பகுதி உண்டு. இன்னொரு நாள் இன்னொரு ஓநாய் வருகிறது. சிறுமி இம்முறை நேராகப் பாட்டியிடம் ஓடிப்போய்ச் சொல்ல, இருவரும் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார்கள். ஓநாய் கூரைமேல் ஏறிக் காத்திருக்கிறது. முந்தின நாள் சாசேஜ் என்ற இறைச்சிப் பண்டத்தை வேகவைத்த தண்ணீரை வாசலில் இருக்கும் பெரிய கல்தொட்டியில் ஊற்றச் சொல்கிறாள் பாட்டி. சிறுமி வாளி வாளியாகச் சுமந்து ஊற்றுகிறாள். வாசனைக்குக் கழுத்தை நீட்டிய ஓநாய் சறுக்கித் தொட்டிக்குள் விழுந்து மூழ்கிப்போகிறது. வேட்டைக்காரர் அங்கே இல்லவே இல்லை. இன்றிரவு உங்கள் மகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.