கருத்துக்கணிப்பில் பின்தங்கியிருந்தும் பெர்னி சாண்டர்ஸ் பிரைமரியில் ஜெயிப்பார் என்று அவருடைய ஆதரவாளர்கள் எப்படி நம்பினார்கள்?

அமெரிக்காவில் ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று வாக்காளர்கள் மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பதுதான் பிரைமரி. ஜனநாயகக் கட்சியில் 2016ல் ஹிலாரி கிளின்டனையும் 2020ல் ஜோ பைடனையும் எதிர்த்து நின்றவர் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ். நானும் அவருடைய ஆதரவாளர்களில் ஒருத்தி. 2016ல் மிஷிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஒரு புறநகரில் இருந்தேன். கையில் கிரீன் கார்டுதான், ஓட்டுரிமை இல்லை. ஆனால் கிரீன் கார்டு வைத்திருப்பவர் பிரசாரத்தில் வேலை செய்யலாம், நன்கொடையும் கொடுக்கலாம். அதனால் வேலை முடிந்த சாயங்காலங்களில் அவருக்காக வாக்காளர்களுக்கு போன் செய்துகொண்டிருந்தேன். வேலை போனால் மருத்துவக் காப்பீடும் சேர்ந்து போய்விடும் என்ற பயத்தோடு இந்த நாட்டில் வாழ்கிறவர்களுக்கு, எல்லோருக்கும் அரசே காப்பீடு தர வேண்டும் என்று ஒருவர் மேடையேறிச் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

நம்பிக்கைக்கு முதல் காரணம் பிரைமரி நடக்கும் விதம்தான். இந்தியாவில் எத்தனை கட்டமாக ஓட்டுப் போட்டாலும் எண்ணுவது கடைசியில் ஒரே நாளில். இங்கே ஒரு மாநிலம் ஓட்டுப் போட்டால் அன்று இரவே முடிவு வந்துவிடும். அடுத்த மாநிலம் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுப் போடும். ஜனவரியிலோ பிப்ரவரியிலோ ஆரம்பித்து ஜூன் வரை இப்படியே போகும். ஆகவே இன்றைய கணிப்பு எப்படி இருந்தாலும், அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லாம் மாறலாம் என்று நினைக்க எப்போதும் இடம் இருக்கிறது.

அப்படி மாறியும் இருக்கிறது. 2007 முழுக்க தேசியக் கணிப்புகளில் ஹிலாரி கிளின்டன்தான் முன்னால் இருந்தார். 2008 ஜனவரி 3 அன்று அயோவாவில் ஒபாமாவுக்கு 38 சதவீதம். ஹிலாரி 29 சதவீதத்தோடு மூன்றாம் இடம். அதன் பிறகு சவுத் கரோலினாவில் நடந்ததுதான் முக்கியம். அங்கே ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் கறுப்பின மக்கள் பாதிக்கும் மேல். அவர்களில் பலர் அதுவரை ஹிலாரி பக்கம் இருந்தார்கள். ஒபாமாவைப் பிடிக்காமல் இல்லை. வெள்ளைக்காரர்கள் ஒரு கறுப்பருக்கு ஓட்டுப் போடுவார்களா என்ற சந்தேகம். வெள்ளையர் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் இருந்த அயோவா ‘போடுவோம்’ என்று காட்டியது. ஜனவரி 26 அன்று சவுத் கரோலினாவில் ஒபாமாவுக்கு 55 சதவீதம், ஹிலாரிக்கு 27.

அதாவது, பிரைமரியில் ‘இவர் ஜெயிப்பார்’ என்ற நம்பிக்கையே ஓட்டைக் கொண்டுவருகிறது. ‘நல்லவர்தான், ஆனால் ஜெயிக்க மாட்டாரே’ என்று சொல்பவரிடம்தான் தொண்டருக்கு அதிக வேலை. போனில் நான் அதிகம் கேட்ட வாக்கியமும் அதுதான். அவரை மாற்ற வேண்டுமென்றால் முதலில் நமக்கு உள்ளுக்குள் நம்பிக்கை இருக்க வேண்டும். வாயளவில் சொன்னால் குரலிலேயே தெரிந்துவிடும்.

2016ல் பெர்னிக்கு ஆரம்பமும் அப்படித்தான் அமைந்தது. அயோவாவில் ஹிலாரி 49.8, பெர்னி 49.6. அடுத்து நியூ ஹாம்ப்ஷயரில் பெர்னி 60, ஹிலாரி 38. பணமும் வந்துகொண்டே இருந்தது. சராசரி நன்கொடை 27 டாலர் என்று அவர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார், மக்களும் சேர்ந்து கத்துவார்கள். வழக்கமாக வேட்பாளர்கள் பின்வாங்குவது பணம் தீர்ந்துபோவதால்தான். பெரிய பணக்காரர்கள் சட்டம் அப்போது அனுமதித்த உச்ச அளவான 2,700 டாலரை ஒரே தடவையில் கொடுத்துவிட்டால் மறுபடி கேட்க முடியாது. 27 டாலர் கொடுத்தவரிடம் அடுத்த மாதமும் கேட்கலாம். அதனால் ஒரு தோல்வி வந்ததும் கடையைக் கட்ட வேண்டிய நிலை அவருக்கு வரவில்லை. ஆள் களத்தில் இருக்கும்வரை ஆதரவாளர் நம்பாமல் என்ன செய்வார்?

இப்போது மார்ச் 8, 2016க்கு வருகிறேன். எங்கள் மிஷிகன். கணிப்புகள் ஹிலாரி சுமார் 20 புள்ளிகள் முன்னால் என்றன. இரண்டு நாள் முன்னால்தான், குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்து குழந்தைகள் பாதிக்கப்பட்ட ஃபிளின்ட் நகரில் இருவரும் விவாத மேடையில் நின்றிருந்தார்கள். கார் தொழிற்சாலைகள் மூடப்பட்டதற்கு வர்த்தக ஒப்பந்தங்கள்தான் காரணம் என்று பெர்னி பேசியது இங்குள்ள தொழிலாளர் குடும்பங்களைத் தொட்டது. இளைஞர்கள் எவ்வளவு பேர் வருவார்கள் என்பதையும் கணிப்பாளர்கள் குறைத்துப் போட்டிருந்தார்கள். பெர்னி ஒன்றரைப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த இரவின் சந்தோஷத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. அதற்குப் பிறகு எந்தக் கணிப்பைக் காட்டினாலும் எங்களிடம் ஒரே பதில்தான்: “மிஷிகனைப் பாருங்கள்.”

ஆனால் அதே இரவில் மிசிசிப்பியும் ஓட்டுப் போட்டது. ஜனநாயகக் கட்சி பிரைமரியில் மாநிலத்தை ஜெயிப்பதற்கென்று தனிப் பரிசு கிடையாது. 15 சதவீதத்தைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஓட்டு விகிதப்படி டெலிகேட்களை, அதாவது கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளை, பிரித்துக் கொடுப்பார்கள். மிஷிகனில் பெர்னிக்கு 67, ஹிலாரிக்கு 63. மிசிசிப்பியில் ஹிலாரிக்கு 31, பெர்னிக்கு 5. அந்த வரலாற்று வெற்றி கிடைத்த இரவில், மொத்தக் கணக்கில் பெர்னி இன்னும் 22 டெலிகேட் பின்னால் போனார்.

எல்லோர் கண்ணும் மிஷிகன் மேல்தான் இருந்தது. தொலைக்காட்சியும் அதைத்தான் காட்டியது. மார்ச் 26 அன்று அலாஸ்கா, ஹவாய், வாஷிங்டன் மூன்றையும் பெர்னி பெரிய வித்தியாசத்தில் எடுத்தார். வாஷிங்டன் மாநிலத்தில் மட்டும் 73 சதவீதம். வரிசையாக ஜெயிப்பவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று மனம் ஏற்காது. ஏப்ரலில் வயோமிங்கில் 56 சதவீதம் வாங்கினார், டெலிகேட் ஆளுக்கு 7. விகிதாசார முறையில் முன்னால் போனவரைப் பிடிக்க வேண்டுமென்றால் பெரிய மாநிலங்களில் பெரிய வித்தியாசம் வேண்டும். அது கிடைக்கவில்லை. கடைசியில் 22 மாநிலங்களை ஜெயித்தும் டெலிகேட் கணக்கு ஹிலாரி 2,205, பெர்னி 1,846. ஓட்டிலும் ஹிலாரிக்கு சுமார் 1.7 கோடி, பெர்னிக்கு 1.3 கோடி.

சூப்பர் டெலிகேட்கள் விஷயம் தனி வேதனை. பிரைமரி ஓட்டால் தேர்வாகாத எழுநூற்றுச் சொச்சம் கட்சிப் பிரமுகர்கள்தான் அவர்கள், மாநாட்டில் யாரை வேண்டுமானாலும் ஆதரிக்கலாம். முதல் ஓட்டு விழும் முன்பே அவர்களில் நூற்றுக்கணக்கானோர் ஹிலாரி பக்கம். ஊடகங்கள் அதையும் கூட்டியே கணக்குக் காட்டின. எங்களுக்குக் கோபம் வந்தது, அது நியாயமான கோபம் என்றே இன்றும் சொல்வேன். அதே சமயம் 2008ல் எம்.பி. ஜான் லூயிஸ் போன்ற சூப்பர் டெலிகேட்கள் ஹிலாரியை விட்டு ஒபாமா பக்கம் வந்திருந்தார்கள். ஆகவே கடைசி வரை ‘இவர்களும் மாறலாம்’ என்ற எண்ணமும் இருந்தது. 2018ல் கட்சி விதியை மாற்றியது. போட்டி இருக்கும்போது மாநாட்டின் முதல் சுற்றில் அவர்களுக்கு ஓட்டு இல்லை என்றாகிவிட்டது. அந்த மாற்றம் எங்கள் தொண்டர்கள் போட்ட கூச்சலால் வந்தது.

கூட்டத்தை வைத்து எடைபோடுவதும் ஒரு பெரிய காரணம். அரங்கம் நிரம்பி வழிவதைப் பார்த்தவர்களுக்கு, கூட்டத்துக்கே வராத வாக்காளர் கண்ணில் படமாட்டார். 2020ல் ஜோ பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. நெவாடாவில் பெர்னி பெரிய வெற்றி. ‘முடிந்தது பைடன் கதை’ என்று எங்கள் பக்கம் மட்டுமல்ல, நாடு முழுக்கப் பேசினார்கள். பைடன் ஆட்கள் மட்டும் சவுத் கரோலினா வரட்டும் என்றார்கள். அவர்கள் நம்பியது, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து தவறாமல் ஓட்டுப் போடும் வயதான கறுப்பினப் பெண்களை. பிப்ரவரி 26 அன்று அந்த மாநிலத்தின் மூத்த எம்.பி. ஜிம் கிளைபர்ன் பைடனுக்கு ஆதரவு தெரிவித்தார். 29ஆம் தேதி பைடனுக்குக் கிட்டத்தட்ட 49 சதவீதம். போட்டியில் இருந்த பூட்டிஜெட்ஜும் க்ளோபுச்சரும் விலகி அவர் பின்னால் நின்றார்கள். மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் 10 அவருக்கு. ஒரு வாரம்கூட ஆகவில்லை. கணிப்புகளை மீறி நம்பியவர்கள் அந்த முறை ஜெயித்தார்கள், எங்களுக்கு எதிராக.

எனவே நீங்கள் அடுத்த பிரைமரியில் ஒரு ஆதரவாளரைப் பார்த்தால், ‘எப்படி நம்புகிறீர்கள்’ என்று கேட்பதைவிட, ‘எந்த மாநிலத்தில், யாருடைய ஓட்டால், எத்தனை டெலிகேட்’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் வைத்திருப்பவரின் நம்பிக்கையை நான் மதிப்பேன், கணிப்பில் அவர் வேட்பாளர் ஐந்தாவது இடத்தில் இருந்தாலும். மாநிலங்கள் ஓட்டுப் போடும் இந்த வரிசைக்கு எவ்வளவு பலம் என்று கட்சிக்கும் தெரியும். அதனால்தான் 2024க்கு அயோவாவை முதலிடத்திலிருந்து இறக்கி, பைடனின் விருப்பப்படி, சவுத் கரோலினாவை முன்னால் கொண்டுவந்தார்கள்.