வெள்ளையா இருக்கறதுக்குக் காரணம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள தம்பிக்கு,

கவுந்தப்பாடியில இருந்து சரசு எழுதறனுங்க. போன வருசம் நீங்க இங்கிலாந்து தெக்குக் கடற்கரையில வெள்ளைப் பாறையோரமா நாலு நாள் நடந்ததைப் பத்தி எழுதுனதை மக அனுப்பி வெச்சு படிச்சனுங்க. அவ பிரைட்டன்ல தான் இருக்கறா, சூன் மாசம் ஆறு வாரத்துக்கு என்னையும் கூப்பிட்டிருக்கறா. ஆனா எங்கூட்டுக்காரரு, சுண்ணாம்புக் கல்லைப் பாக்க அத்தன தூரம் போகோணுமா, மதுக்கரைக்குப் போனா பாக்கலாமேங்கறாரு. எனக்கும் பதில் சொல்லத் தெரியலீங்க. ஒரு போட்டோ புடிக்கறதுக்கு மேல அங்க அப்படி என்னங்க இருக்குது? முழங்கால் வலி வேற, மேடு ஏற முடியாது. பேரனுக்கு ஏழு வயசு, எதைப் பாத்தாலும் ஏன் ஏன்னு கேக்கறவன், அவனுக்கு அங்க என்ன காட்டறதுன்னும் சொல்லுங்க.

சரசு, கவுந்தப்பாடி

அன்புள்ள சரசக்காவுக்கு,

கண்டிப்பா போயிட்டு வாங்க. மாமா கேட்ட கேள்வியில இருந்தே ஆரம்பிக்கறன், ஏன்னா அதுலதான் விசயமே இருக்குது. மதுக்கரையில இருக்கறதும் சுண்ணாம்புக் கல்லுதான், ஆனா அது பூமிக்கடியில வெந்து நசுங்கி உருமாறிப்போன கல்லு, ரொம்ப ரொம்பப் பழசு, அது எதுலருந்து வந்துச்சுன்னு கண்ணுல பாத்துச் சொல்ல முடியாது. இங்கிலாந்துல இருக்கறது சீமைச் சுண்ணாம்பு. டைனோசர் இருந்த காலத்துல, எட்டுக் கோடி வருசத்துக்கும் முந்தி, அந்தப் பக்கமெல்லாம் கடலா கெடந்தப்ப தண்ணியில மெதந்த ஒத்தை உயிரணுப் பாசியோட ஓடு அது. ஒவ்வொரு ஓடும் ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு கூட இருக்காது. அது செத்துச் செத்து அடியில படிஞ்சிருக்குது, ஆயிரம் வருசத்துக்குச் சில சென்டிமீட்டர்ங்கற கணக்குல. அப்படிப் படிஞ்சதுதான் இன்னைக்கு பீச்சி ஹெட்ங்கற எடத்துல 162 மீட்டர் உயரத்துக்குச் சுவராட்ட நிக்குது. இங்கிலாந்துலயே கடலோரச் சீமைச் சுண்ணாம்புல அதுதான் உசரம். கையில எடுத்தீங்கன்னா மாவு ஒட்டும், நகத்துல கீறலாம். (பள்ளிக்கூடத்துல இப்ப வர்ற சாக்பீசு பெரும்பாலும் ஜிப்சம், இது அது இல்லீங்க.)

நம்ம அரியலூர்ப் பக்கமும் அதே காலத்துல கடல்தான், அங்க சிப்பியும் நத்தையும் கல்லாக் கெடக்கறது அதனாலதான், ஆனா அது கரையை ஒட்டின கடல், மண்ணும் மணலும் கலந்துருச்சு. இங்கிலாந்துப் பக்கம் கரையில இருந்து மண்ணே சேராத தெளிஞ்ச கடல், அதான் பாலாட்ட வெள்ளை.

இப்ப முக்கியமானது. அந்தப் பாறை வெள்ளையா இருக்கறதுக்குக் காரணம் அது உழுந்துட்டே இருக்கறதுதான். அலை அடியில அரிக்கும், மேல இருக்கறது பிடிப்பில்லாம பொதபொதன்னு சரியும், உள்ள இருக்கற புது வெள்ளை வெளிய வரும். கடல் எட்டாத எடத்துல இருக்கற பழைய சுவரெல்லாம் புல்லும் செடியும் மூடி பச்சையாப் போயிருக்குது. நான் இதைப் புரிஞ்சுக்காமத்தான் மொத நாள் போயி நின்னு, ஆகா என்ன வெள்ளைன்னு பாத்துட்டு வந்தன். ரெண்டாம் நாள் பர்லிங் கேப்ங்கற கடலோர எடத்துல கீழ கூழாங்கல்லு மேல உக்காந்து ரொட்டி தின்னுட்டு எந்திரிச்சு ஒரு அம்பது அடி தள்ளிப் போயிருப்பன், பின்னால பொலபொலன்னு சத்தம், திரும்பிப் பாத்தா நான் உக்காந்திருந்த எடத்துக்குக் கிட்ட தேங்காய் தண்டிக்கு நாலஞ்சு கட்டி உழுந்து ஒடைஞ்சு புகையாட்ட தூசி. காத்து இல்ல மழை இல்ல, நல்ல வெயிலு. அதுக்கப்பறம் அந்தச் சுவரு எனக்கு சும்மா நிக்கற பொருளாவே தெரியலீங்க.

பர்லிங் கேப்ல கடலோரக் காவல்காரங்களுக்கு கட்டின வீட்டு வரிசை ஒண்ணு இருக்குது, கடல் பக்கத்து வீடா ஒவ்வொண்ணா இடிச்சு எடுத்துட்டே வர்றாங்க, மிச்சம் கொஞ்சந்தான். அக்கட்டால பெல் டூட்னு 1832ல கட்டின பழைய கலங்கரை விளக்கம், அது விளிம்புக்கு வந்துருச்சுன்னு 1999ல முழுக் கட்டடத்தையும் அப்படியே தூக்கி 17 மீட்டர் உள்ள தள்ளி வெச்சாங்க. 2016ல ஒரு ஆய்வு வந்துச்சு. பீச்சி ஹெட் பக்கம் ஏழாயிரம் வருசமா வருசத்துக்கு 2ல இருந்து 6 சென்டிமீட்டர் அரிச்சது, இந்த 150 வருசத்துல 22ல இருந்து 32 சென்டிமீட்டருன்னு. பாறைக்கு முன்னால கெடந்த கூழாங்கல் கரை ஒடுங்கிப்போச்சு, அலை நேரா வந்து மோதுது. கரை சுருங்குனா மேடு சீக்கிரமா போயிரும்னு நம்ம பவானி ஆத்தங்கரையில மணல் அள்ளுன எடத்தைப் பாத்தவங்களுக்குச் சொல்லவா வேணும்.

அதனால மக போட்டோ புடிக்க விளிம்புல நிக்கச் சொன்னா நிக்கவே நிக்காதீங்க. மேல புல்லு இருக்கும், கீழ ஒண்ணும் இருக்காது, மேல இருந்து பாத்தா தெரியவே தெரியாது. பாறைக்கு அடியில சுவத்தை ஒட்டி உக்காரவும் வேண்டாம், நான் செஞ்ச தப்பு அது.

முழங்காலுக்கு வழி இருக்குதுங்க. பிரைட்டன்ல இருந்து ஈஸ்ட்போர்ன் போற 12ம் நம்பர் பஸ்ஸுல ஏறி எக்சீட்ல எறங்குனா கக்மியர் ஆத்தோரமாவே சமதளமா பாதை, ரெண்டு கிலோமீட்டர் கிட்டத்தான் கடலு. ஆறு பாம்பாட்ட வளைஞ்சு வளைஞ்சு கெடக்கும், அந்த வளைவுல இப்ப ஓட்டம் இல்ல, 1846ல நேரா ஒரு வாய்க்கா வெட்டி விட்டுட்டாங்க. கடல் வந்ததும் இடது பக்கம் திரும்புனா ஏழு அக்கா தங்கச்சிங்கன்னு (செவன் சிஸ்டர்ஸ்) பேரு வெச்ச வெள்ளை மேட்டு வரிசை தெரியும். ஏறவே வேண்டாம். ஆனா அந்தப் பாறைக்கடியில நடந்தே பர்லிங் கேப் போயிரலாம்னு மட்டும் யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, நடுவுல ஏற வழியே கெடையாது, தண்ணி ஏறிருச்சுன்னா மாட்டிக்குவீங்க. அங்க ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல அமாவாசை பௌர்ணமி ஒட்டி 6 மீட்டர் கிட்ட வித்தியாசம், நம்மூர் ரெண்டு மாடி உசரம். கெளம்பறதுக்கு முந்தி மகளை ஏத்த எறக்க நேரம் பாக்கச் சொல்லிருங்க. தண்ணி நல்லா வத்துன நேரமாப் பாத்து பர்லிங் கேப் போங்க (கீழ எறங்கற இரும்புப் படி செல நாள் பூட்டியிருக்கும், அதையும் கேட்டுக்குங்க), கடல் அரிச்சு சமமாக்கின வெள்ளைத் தரை வெளிய தெரியும், குழிகள்ள நண்டும் நத்தையும் இருக்கும், பேரனை அங்கிருந்து கெளப்ப முடியாது.

அவனுக்கு இன்னொண்ணு காட்டுங்க. வெள்ளைச் சுவத்துல கருப்புக் கோடு கோடா போகும், அது சிக்கிமுக்கிக் கல்லு. கடல் பஞ்சுங்கற உயிரோட எலும்புல இருந்து கரைஞ்சு வந்த சிலிக்கா, அந்தக் காலத்துல சேத்துல எறா மாதிரி உயிருங்க தோண்டுன வளையில போயி ஒறைஞ்சது, அதனாலதான் ஒண்ணொண்ணும் கை மாதிரி கால் மாதிரி இஞ்சி மாதிரி கோணல்மாணலா இருக்கும். வெளிய வெள்ளைத் தோலு, ஒடைஞ்சா உள்ள கருங்கண்ணாடி, விளிம்பு சவரக் கத்தியாட்ட வெட்டும், கையைப் பாத்துக்கச் சொல்லுங்க. கற்கால மனுசன் கத்தி செஞ்சதே இதுலதான். நல்ல நேரம் இருந்தா கடல்முள்ளெலி கல்லானது ஒண்ணு கண்ணுல படும், மேல அஞ்சு இதழ் நட்சத்திரம் தெளிவா இருக்கும். பாத்துட்டு அங்கயே வெச்சிருங்க.

மேல இருக்கற புல்லைப் பத்தி யாருமே எழுதறதில்ல, எனக்கு அது வருத்தம். நம்ம கொரங்காடு தெரியுமில்லீங்க, காங்கயம் பக்கம் கிளுவை வேலி போட்டு கொழுக்கட்டைப் புல்லு விட்டு செம்மறி மேய்ப்பாங்களே, அதே சங்கதிதான். நூத்துக்கணக்கான வருசமா ஆடு மேஞ்சு மேஞ்சு பாயாட்ட குட்டையான புல்லு, மண்ணு ரெண்டு விரக்கடை கூட இருக்காது, ஆனா ஒரு சதுர மீட்டருக்குள்ள நாப்பது வகைச் செடி வரைக்கும் எண்ணலாம். ஆடு மேயாம விட்டா முள்ளுப் பொதர் ஏறி எல்லாத்தையும் மூடிரும், நம்ம கொரங்காட்டுல சீமைக் கருவேலம் ஏறுனாப்ல. அந்தப் புல்லுக்குள்ள நான் முட்டி போட்டுப் பாத்தப்ப கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு நீலப் பட்டாம்பூச்சி, றெக்கை விளிம்புல வெள்ளையும் கருப்பும் மாத்தி மாத்தி தையல் போட்டாப்ல இருந்துச்சு, அடோனிஸ் ப்ளூன்னு சொன்னாங்க, சூன் மொத வாரத்துக்குள்ள போனீங்கன்னா பாக்கலாம். தலைக்கு மேல வானம்பாடி நிறுத்தாம பாடிட்டே இருக்கும். மேட்டுல ஓடையும் இருக்காது, பெய்யற மழையை சீமைச் சுண்ணாம்பு பூரா உறிஞ்சிக்கும், பிரைட்டன்ல மக குடிக்கற தண்ணியே அந்தப் பாறைக்குள்ள இருந்து எடுக்கறதுதான். இங்க நாம ஆயிரம் அடி போர் ஓட்டி கருங்கல் தூசியப் பாத்துட்டு நிக்கறம்.

பேரன் ஏன்னு கேட்டா ஒரு வேலை செய்யுங்க. அங்க மீன் வறுவலும் உருளைக்கெழங்கும் விக்கற கடையில வினிகர் ஊத்தித் தருவாங்க, அதுல ஒரு சொட்டு, கீழ கெடக்கற வெள்ளைக் கட்டி மேல விடச் சொல்லுங்க. சொர்ருன்னு நொரைச்சுப் பொங்கும். அந்தப் பாசி எட்டுக் கோடி வருசத்துக்கு முந்தி ஓட்டுக்குள்ள பூட்டி வெச்ச கரியமிலக் காத்து அப்பத்தான் வெளிய வருது. நீங்க ஆலைக்கொட்டாயில கொப்பரையில கரும்புச் சாறு கொதிக்கறப்ப அழுக்கு எடுக்க சுண்ணாம்பு போட்டவங்க, அந்தச் சுண்ணாம்பையும் காளவாயில சுட்டு இதே காத்தை வெரட்டித்தான் எடுக்கறாங்க, அதை அவனுக்கு உங்களைத் தவிர யாரு சொல்லுவாங்க. கெளம்பறதுக்கு முந்தி உங்க கெணத்து மேட்டுல கெடக்கற சுக்காங்கல்லு மேலயும் ஒருக்கா எலுமிச்சம்பழம் புழிஞ்சு பாத்துட்டுப் போங்கக்கா, மாமாவையும் பக்கத்துல வெச்சுக்குங்க.