அப்பா ஏன் அதை வெளியே சொல்கிறார்?

வணக்கம் சார்,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம். வயது 27, தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். குடியை விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் நாங்கள் பட்டது எங்கள் தெருவுக்கே தெரியும்.

இப்போது அவருக்கு முழுநேர வேலை மற்றவர்களின் குடியை நிறுத்துவதுதான். வீடு வீடாகப் போய்ப் பேசுகிறார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் நடத்துகிறார். ஒரு பைசா வாங்குவதில்லை. ராத்திரி பதினொரு மணிக்கும் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிரசுத் திருவிழா முடிந்த மறுவாரம் ஒரு மண்டபத்தில் மைக்கைப் பிடித்து "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்தார். அம்மாவின் தாலியை அடகு வைத்தது, என் ஸ்கூல் ஃபீஸை எடுத்துக்கொண்டு போனது என்று எல்லாவற்றையும் பேசினார். அடுத்த வாரம் நிச்சயம் பேச வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஜாதகம் இரண்டு மாதம் முன்பே பார்த்தாகிவிட்டது சார்.

நிறுத்திவிட்டார், சந்தோஷம். நிறுத்தியவர் சும்மா இருக்கக் கூடாதா? பதினோரு வருடம் கழித்தும் தன்னை ஏன் அந்தப் பெயரால் சொல்லிக்கொள்ள வேண்டும்? அவரை நினைத்து வெட்கப்படுகிறேன். அப்படி வெட்கப்படுவதை நினைத்தும் வெட்கமாக இருக்கிறது.

எஸ்., குடியாத்தம்

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்துதான் எழுதுகிறேன். படித்ததும் என் தாய்மாமன் ஞாபகம் வந்துவிட்டார். உங்கள் கோபத்தில் பாதி நியாயமானது, அதற்குப் பிறகு வருகிறேன்.

மாமா சத்துவாச்சாரியில் இருந்தார். 44 வயதில் போனார். மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னோம். முழுப் பொய்யும் இல்லை. கல்லீரல் கெட்டுக் கண் மஞ்சளாகத்தான் இருந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். திருநீறு போட்டோம், கயிறு கட்டினோம். யாரோ சொன்னார்கள் என்று அத்தை ஒரு மாத்திரையைப் பொடித்து அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்தாள். அன்று ராத்திரி அவர் குடித்துவிட்டு வந்ததும் முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, மூச்சுக்குத் திணறினார். அது டைசல்ஃபிராம் என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்வையில் கொடுக்க வேண்டிய மருந்து. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம். 'அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று வரும் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ராத்திரிதான் கண்ணில் வருகிறது. இதைப் படிக்கிற யாராவது அப்படி ஒன்றை வாங்கி வைத்திருந்தால், தயவுசெய்து கலக்காதீர்கள்.

மாமாவை நாங்கள் கூட்டிப் போகாத ஒரே இடம் பாகாயம். பஸ் ஏறினால் போய்விடலாம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையம் 1957-லிருந்து அங்கே இருக்கிறது. நோயாளியைத் தனியாக அடைத்து வைக்காமல் வீட்டார் ஒருவரைக் கூடவே தங்க வைத்து வைத்தியம் பார்ப்பது அங்கே ஆரம்பத்திலிருந்தே உள்ள வழக்கம். ஆனால் எங்கள் தெருவில் பாகாயம் என்பது ஒரு வசவு. "பாகாயம் கேஸ்" என்று பிள்ளைகளே திட்டிக்கொள்வோம். மாமாவைக் கூட்டிப் போகலாம் என்று என் அம்மா ஒரு தடவை சொன்னபோது ஆயா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "அங்க போனது தெரிஞ்சா நாளைக்கு இவன் பொண்ணை எவன் கட்டுவான்?"

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது, எஸ். நல்ல இடம்தான். தாரை வார்த்துக் கொடுக்க அப்பா இல்லை, பெரியப்பா செய்தார்.

உங்கள் மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தைச் சாக்கு சொன்னதும், நாங்கள் காமாலையைச் சாக்கு சொன்னதும் ஒரே பயத்தில் வந்தவைதான். அந்தப் பயம் எவ்வளவு பேரை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறது தெரியுமா? 2019-ல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்த தேசிய ஆய்வில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மீதி 37 பேர் போகாததற்கு டாக்டர் இல்லாததும், காசு இல்லாததும் காரணமாக இருக்கலாம். ஆனால் வேலூரில் வளர்ந்த எனக்கு ஆஸ்பத்திரி இல்லாததால் மாமா செத்தார் என்று சொல்ல வாய் வராது.

அப்பா ஏன் தன்னை இன்னும் அப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்று கேட்டீர்கள். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1935-ல் அமெரிக்காவில் ஏக்ரன் என்ற ஊருக்கு வியாபார விஷயமாக வந்த பில் என்பவர், வந்த காரியம் கெட்டுப்போய் ஓட்டலில் தனியாக நிற்கிறார். குடியை விட்டு அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஓட்டலின் மதுக்கூடத்துச் சத்தம் காதில் விழுகிறது. உள்ளே போய்விடுவோம் என்று பயந்து, அந்த ஊரில் குடியில் தவிக்கிற வேறு யாராவது இருக்கிறார்களா என்று போன் போட்டு விசாரிக்கிறார். அப்படிக் கிடைத்தவர் பாப் என்கிற டாக்டர். குடியை விட நினைக்கிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு அங்கேதான் ஆரம்பித்தது. 1957-லிருந்து இந்தியாவிலும் இருக்கிறது. பில் அன்று போன் போட்டது பாப்பைக் காப்பாற்ற அல்ல, தான் தப்பிக்க. அப்பா இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்கிற அந்த ஒரு மணி நேரம் அவருக்கும் மருந்துதான். பதினோரு வருடமாக அந்த மருந்தை அவர் நிறுத்தவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா நடத்துகிற கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பேரணாம்பட்டில் அதே மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். டியூஷன் சென்டர் மாடி, சுவரில் வாய்ப்பாடு அட்டை, பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் பதினான்கு ஆண்கள். நடத்துபவர் டேனரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். சுண்ணாம்பில் ஊறிய தோலை இழுத்து இழுத்து விரல் நுனியெல்லாம் தேய்ந்திருந்தது. ஒவ்வொருவரும் தன் பெயரையும், குடியை நிறுத்தி எத்தனை நாள் என்ற கணக்கையும் சொன்னார்கள். எட்டு நாள், நாலு வருஷம், "இன்னிக்குக் காலையிலதான் சார்". அப்புறம் டீ வந்தது. அவரே தூக்கிலிருந்து ஸ்டீல் டம்ளர்களில் ஊற்றினார். எல்லாருக்கும் முழு டம்ளர், மூலையில் உட்கார்ந்திருந்த புது ஆளுக்கு மட்டும் அரை டம்ளர். தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தால் தூக்கில் டீ இருக்கிறது. புது ஆள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குனிந்து குடித்தார். பிறகு இன்னொரு அரை டம்ளர்.

படி இறங்கும்போது கேட்டேன். "கை நடுங்குது பாருங்க சார், முழுசாக் குடுத்தா சிந்திடும். சிந்தினா அடுத்த வாரம் வர மாட்டான்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்கு மொத நாள் முழு டம்ளர் குடுத்தாங்க. சட்டையெல்லாம் டீ. ஆறு மாசம் நான் அந்தப் பக்கமே போகல" என்றார்.

எந்தப் புத்தகமும் அவருக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

அந்தக் கூட்டத்தில் கேட்ட இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் வருடா வருடம் இது நடக்கிறது. ஒருவர் தினம் காலையிலேயே ஆரம்பிக்கிற அளவுக்குக் குடித்துக்கொண்டிருந்தவர். கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டு, அன்றோடு நிறுத்தினார். இரண்டாம் நாள் உடம்பெல்லாம் வேர்வை, நடுக்கம். மூன்றாம் நாள் வலிப்பு, சுவரில் பூச்சி ஓடுகிறது என்று கத்தல். சாமி குத்தம் என்று பயந்து வீட்டார் மாலையைக் கழற்ற வைத்தார்கள். அவர் மறுபடி குடித்தார், எல்லாம் அடங்கிவிட்டது. சாமிக்கே தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் நாலு வருடம் குடித்ததாகச் சொன்னார். இதில் சாமி குத்தம் எதுவும் இல்லை. வருடக்கணக்கில் தினமும் மதுவுக்குப் பழகிய மூளையில், அதை ஒரேயடியாக நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் இப்படி வரும். சிலர் செத்தும் போகிறார்கள். டாக்டரிடம் போனால் நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து, கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமின் கொடுத்து அந்த நாட்களைத் தாண்ட வைப்பார்கள். அறையில் பூட்டிவைத்துத் திருத்துகிறேன் என்று கிளம்புகிற அண்ணன் தம்பிகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டம் நடத்துகிற அந்தப் பேரணாம்பட்டுக்காரர் இப்போது ஐப்பசி கடைசியிலேயே டீக்கடை டீக்கடையாகப் போய், மாலை போடப்போகிறவர்களை முதலில் டாக்டரிடம் கூட்டிப் போகிறார். உங்கள் அப்பா செய்கிற வேலையும் இதுதான். நான் இதைச் சின்ன வேலை என்று நினைக்கவில்லை.

நம் வட ஆற்காட்டில் மதுவைப் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1937-ல் சேலத்தில் ஆரம்பித்த ராஜாஜியின் மதுவிலக்கு 1939-ல் இங்கே வந்தது. அதன்பின் மாநிலத்தில் 1971-ல் தளர்த்தினார்கள், 1974-ல் திரும்ப வைத்தார்கள், 1981-ல் மறுபடி தளர்த்தினார்கள், 2003-லிருந்து சில்லறைக் கடையும் அரசிடம். கடையைத் திறப்பதா மூடுவதா என்று பேசிப் பேசியே இத்தனை வருடம் போயிற்று. அந்தப் பேச்சு வேண்டும்தான். ஆனால் குடித்துக் கிடக்கிறவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச உங்கள் அப்பா மாதிரி சிலர்தான் இருக்கிறார்கள்.

குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் போதை மீட்புக்கென்று ஒரு மருத்துவமனை தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்றால் பலருக்கும் தெரியும். அதை நடத்தும் அறக்கட்டளைக்குப் பெயர் டி.டி. ரங்கநாதன், இறந்துபோன கணவரின் பெயர். பெரிய தொழில் குடும்பம். காமாலை என்று சொல்லி மூடியிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அந்த அம்மா பெயரைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டினார்.

சரி, இப்போது உங்கள் பக்கம். அப்பா தன் குடியைப் பற்றிப் பேச அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அடகுக்குப் போனது அம்மாவின் தாலி. ஃபீஸ் கட்டாமல் வகுப்புக்கு வெளியே நின்றது நீங்கள். அந்தக் கதைகளில் அவருக்குப் பங்கு இருக்கலாம், முழுதும் அவருடையவை அல்ல. உங்களிடம் கேட்காமல் மைக்கில் சொன்னது தப்புதான். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற பெயரிலேயே அனானிமஸ், அதாவது பெயர் சொல்லாதவர், இருக்கிறது. பத்திரிகை, வானொலி, சினிமா என்று பொதுவெளிக்குப் போகும்போது உறுப்பினர் தன் பெயரை வெளியிடக் கூடாது என்று அவர்களுடைய மரபுகளில் ஒன்று சொல்கிறது. கூட்டத்துக்குள் கேட்டது கூட்டத்தோடு. அப்பா அவர்களோடு சேர்ந்தவரா, தனியாக நடத்துகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. எப்படி இருந்தாலும் இதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள்: "உங்க கதையைச் சொல்லுங்கப்பா, எங்க கதையைச் சொல்றதுக்கு முன்னால எங்களைக் கேளுங்க." அடுத்தவர் வீட்டு வாசலில் தன் தப்பைச் சொல்லப் பழகியவர், உங்கள் வாயால் கேட்கத் தாங்குவார்.

உங்களுக்கும் பேச ஓர் இடம் வேண்டும். பதினோரு வருடமாக அவர் பேசிக்கொண்டிருக்கிறார், நீங்கள் இந்தக் கடிதத்தில்தான் முதல்முறையாகப் பேசியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. குடிநோயாளிகளின் வீட்டாருக்கென்று அல்-அனான் குழுக்கள் 1951-லிருந்து நடக்கின்றன, பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று அப்பாவையே விசாரிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. குடி, போதை பற்றி மட்டும் கேட்பதற்கு 14446 இருக்கிறது.

அடுத்து வருகிற மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் இருக்கிறது. அவர்கள் தெருவில் விசாரித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். அப்பா குடித்தார், இந்தத் தேதியில் நிறுத்தினார். தேதியோடு சொல்லுங்கள். அந்தத் தேதி உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது கேளுங்கள். அது என்ன கிழமை, காலையா மாலையா, அவர் அப்போது எந்த ரூட் பஸ்ஸில் இருந்தார் என்பது வரை சொல்வார்.

அன்புடன்.